காட்டும், பாப்பம்

அவன் எங்கள் அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் நான் அவனோடு கோபமாகவே இருந்தேன். இப்போது வவுனியாவில் வேறு யாருடைய உயிரையோ எடுத்துக்கொண்டிருக்கிறான். அவர்களுக்காக மனமார இரக்கப்படுகிறேன்.

கிளிநொச்சியில், கண்டி வீதியில், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நாலைந்து பேர் இருந்து கணினிக்கு மென்பொருள் எழுதினோம். மருந்துக்கடைக்குப் பில் போடுவது, ரியூசன் சென்ரருக்கு வரவு பதிவது என்று இப்படியான சில்லறை வேலைகள். மென்பொருள் என்று இருந்தால் பிழை வரும். பிழை வந்தால் வாடிக்கையாளர் போன் எடுப்பார். அந்தப் போனில் பேச்சு வாங்குவது என் வேலை. வாங்கி முடித்து அவன் பக்கம் திரும்பி, "தர்மபுரத்துக் கடையிலை பில் நிண்டுபோச்சாம், கெதியாப் பாரும்" என்றால், திரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லுவான்:

"காட்டும், பாப்பம்."

எதைக் காட்டுவது? கடை தர்மபுரத்தில், நான் கிளிநொச்சியில். கண்ணால் காணாத பிழையில் கை வைக்கமாட்டான். அதுதான் அவனுடைய கொள்கை, வேதம், வியாதி எல்லாம்.

அந்த மருந்துக்கடைக்காரர் பாவம், பில் அடிக்கிற நேரம் கணினி நின்றுபோகிறது என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்றால் மூன்று காரணத்தை ஊகித்து, மூன்றையும் ஒரேயடியாக மாற்றி அனுப்பி, "இப்ப பாருங்கோ அண்ணை" என்று சொல்லியிருப்பேன். சரிவந்தால் சரி, வராவிட்டால் நாலாவது காரணம். உலகம் அப்படித்தான் ஓடுகிறது. இவன் பஸ் ஏறித் தர்மபுரத்துக்குப் போய், அந்தக் கடைக்குள் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். பில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, இந்தத் தம்பி ஒண்டும் செய்யிறாரில்லை. தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு என்னையே பாத்துக்கொண்டிருக்கிறார்."

மத்தியானம் பின்வீட்டில் கடைக்காரரின் மனைவி தண்ணீர் மோட்டரைப் போட்டதும் கணினி பொத்தென்று நின்றது. அவனுக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்துக் கடைக்காரர் பயந்துபோனாராம். "அக்கா, நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடுங்கோ" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கத்தி, அந்த மனிசி மோட்டரைப் போடுவதும் நிறுத்துவதுமாக, கணினி விழுவதும் எழும்புவதுமாக, கடைக்கு வந்த சனம் மருந்தை மறந்து பார்த்துக்கொண்டு நின்றதாம். கடைசியில் எங்கள் மென்பொருளில் பிழையே இல்லை. கரண்ட் இழுவைதான் காரணம். ஆனாலும் கரண்ட் போகும்போது பாதியில் நின்ற பில் தொலையாதபடி ஒரு வழி செய்துவிட்டுத்தான் வந்தான். இதற்கு முழுநாள். அந்த முழுநாளும் மற்ற எல்லாருடைய பேச்சும் என் காதில்.

பிழையைக் கண்ட பிறகாவது உடனே திருத்துவான் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அந்தப் பிழையை மீண்டும் வரவைக்கிற ஒரு சின்னச் சோதனையை முதலில் எழுதுவான். அதை ஓட்டினால் திரையில் சிவப்பாகத் 'தோல்வி' என்று விழவேண்டும். எங்களுக்கெல்லாம் பச்சை விழுந்தால்தான் உயிர் வரும். அவன் சிவப்பு விழுந்தால் எழும்பிப் போய் ஆறுதலாகப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வருவான். அதன்பிறகு ஒரு வரி மாற்றுவான், ஓட்டிப் பார்ப்பான். இன்னொரு வரி, இன்னொரு ஓட்டம்.

"எல்லாத்தையும் ஒண்டா மாத்திப்போட்டு ஓட்டுமன். ஏன் இப்பிடி உயிரை வாங்குறீர்?" என்று ஒருநாள் கத்தினேன்.

"ரெண்டு மருந்தை ஒண்டாக் குடிச்சால் எது சுகப்படுத்தினது எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றான்.

நல்ல பழக்கம்தான். இல்லையென்று யார் சொன்னது? கணினி படிப்பிக்கிற புத்தகங்களிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. புத்தகம் எழுதுகிறவர்களுக்குப் போன் எடுத்து ஏசுகிற வாடிக்கையாளர்கள் இல்லையே.

மருந்து என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அவனுடைய மேசை லாச்சிக்குள் ஒரு தேர்மோமீற்றர் இருந்தது. "காய்ச்சலாக் கிடக்கு, அரைநாள் லீவு வேணும்" என்று நான் கேட்டால், எங்கள் அலுவலகத்தை நடத்துகிற சேர் கூட முகத்தைப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார். இவன் வந்து அதை நீட்டுவான். அவனுக்கு அது சந்தேகம் இல்லை, அக்கறை. அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் உலகத்திலே இரண்டு பேர்தான், அவனும் அவனுடைய அம்மாவும். காய்ச்சலோடு ஒரு மனிதருக்குத் தேவை "ஐயோ பாவம்" என்ற ஒரு சொல். அந்தச் சொல் அவனிடம் கிடையாது.

இனி யானைக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவனைச் சொல்லி முடிக்க முடியாது.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரக் கிராமம் ஒன்றுக்கு, ஒரு தொண்டு நிறுவனம் கேட்டு நாங்கள் ஒரு வேலை செய்து கொடுத்தோம். யானை ஊருக்குள் வருகிற பக்கங்களில் வீட்டுக்கு ஒருவராகச் சிலரைத் தெரிந்தெடுத்து வைத்திருந்தார்கள். யானையைக் கண்டவர் எங்கள் இலக்கத்துக்கு ஒரு மிஸ்கோல் கொடுத்தால் போதும். கோலை எடுக்காமலேயே எங்கள் இயந்திரம் அந்த இலக்கத்தை அடையாளம் கண்டு, எந்தப் பக்கத்தால் யானை வருகிறது என்று ஊர் முழுக்க மெசேஜ் அனுப்பும். ஒருவருக்கும் செலவில்லை. மெசேஜைக் கண்டதும் சனம் வெடியோடு வெளிக்கிடும். தோட்டத்தில் நிற்கிறவன் வீட்டுக்கு ஓடுவான். இந்த மென்பொருளை எழுதினது இவன்தான். நாலைந்து மாதம் நன்றாக ஓடியது.

ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் கிழக்குப் பக்கத்தால் யானை வந்தது. அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு ஒரு அக்கா. புருசன் இல்லை, மகளை விசுவமடுவில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியே இருக்கிறவர். மெசேஜ் யாருக்கும் போகவில்லை. அடுத்த காணிக்காரர் கச்சான் தோட்டத்தில் குனிந்த தலை நிமிராமல் நின்றிருக்கிறார். யானையைக் கண்டு ஓடி, வாய்க்காலுக்குள் விழுந்து, தொடை எலும்பு முறிந்து, முல்லைத்தீவுக்கும் யாழ்ப்பாணத்துக்குமாகக் கொண்டு திரிந்தார்கள்.

அக்கா மிஸ்கோல் கொடுத்ததாகச் சொன்னார். அடுத்த காணிக்காரரின் மனைவி, கொடுக்கவில்லை என்றாள். கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலிச் சண்டை இருந்தது. எல்லைக் கதியாலை யார் தள்ளி நட்டது என்று வருசக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வன்மத்தில், யானையைக் கண்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், என் மனுசனைக் கொல்லப் பார்த்தாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அக்காவின் பொத்தான் போனில், பிறகு சொந்தக்காரருக்கு அடித்த கோல்களுக்குள் அன்றைய கோல் அழிந்துபோயிருந்தது. எங்கள் இயந்திரத்தின் பதிவிலும் அந்த நேரத்தில் ஒரு அழைப்பும் இல்லை. அக்காவின் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர்கள் அள்ளுவதை நிறுத்திவிட்டார்கள். நல்லது கெட்டதுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

இதை விசாரிக்க ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்டம் கூடப் போகிறது, பதிவில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் தாருங்கள் என்று கேட்டார்கள். சேர் எழுதி என்னிடம் தந்தார். 'பதிவுகளின்படி அன்றைய தினம் அழைப்பு எதுவும் கிடைக்கவில்லை. மென்பொருள் சரியாக இயங்குகிறது.' கூட்டத்துக்கு முன் அனுப்பவேண்டும். அதை வாசித்தால் அந்த அக்காவின் கதை ஊரில் முடிந்தது.

"அனுப்பாதையும்," என்றான் இவன். "பதிவிலை இல்லாதது நடக்கேல்லை எண்டில்லை."

"அப்ப நடந்தது எண்டு எழுதுவமோ?"

"நான் காணேல்லை. அந்த அக்கா அடிக்கிறதைப் பாக்கவேணும். என்னோடை கதைக்கமாட்டா, நீரும் வாரும்."

கூட்டம் அன்று பின்னேரம். சேர் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம், நடுவில் நான். "வந்து அனுப்புறன் சேர்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அவன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனான். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வீதியால் போகும்வரை வெயிலையும் அவனையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு போனேன்.

அக்கா எங்களை முற்றத்திலேயே நிறுத்திவைத்துத் தொடங்கினார். "நான் அடிச்சனான் பிள்ளை. என்ரை பிள்ளையாணை அடிச்சனான். முத்தத்திலை நிண்டு, யானை அந்த வேம்புக்குக் கிட்ட நிக்கேக்கை அடிச்சனான்."

இந்த இடத்தில் மனிதராகப் பிறந்த எவரும் "ஓமக்கா, நாங்கள் நம்புறம்" என்று சொல்லுவார்கள். இவன் சொன்னான்:

"ஓமக்கா. ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்."

"அப்ப நீயும் நம்பேல்லை!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் அவனை வேலியோரம் இழுத்துக்கொண்டு போனேன். "நம்புறன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் உமக்கு வாய் நோகுமோ?"

"நான் நம்பி என்ன செய்யிறது? நம்புறதை ஊருக்குக் காட்டேலாதே."

மெசேஜை 'சோதனை, யானை இல்லை' என்று மடிக்கணினியில் மாற்றிவிட்டு அக்காவை அடிக்கச் சொன்னான். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை போல நேராக நின்று, முன்பு பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி இலக்கத்தை அமத்தி, போனைக் காதில் வைத்து, ரிங் போய்க்கொண்டே இருக்க விட்டார். ஊரெல்லாம் மெசேஜ் போய்விட்டது. மெசேஜை யார் வாசிக்கிறார்கள்? அந்த இலக்கத்திலிருந்து வந்தால் யானைதான். மூன்று பக்கத்தாலும் வெடி கேட்டது. யாரோ தகரத்தில் அடித்தார்கள். கால் முறிந்தவரின் மனைவி, அந்த அடுத்த வீட்டுக்காரி, வேலிக்கு வந்து நின்றாள்.

"இப்ப மட்டும் எப்பிடி வருது? அண்டைக்கு ஏன் வரேல்லை? கேளுங்கோவன் அவளை!"

அக்கா அப்படியே குந்திவிட்டார். நியாயம் கேட்க வந்த நாங்கள் அவருடைய கழுத்தில் கயிற்றை இறுக்கியிருந்தோம். எனக்கு அவனை அந்த வாய்க்காலுக்குள் தள்ளிவிடலாம் போல இருந்தது. "இப்ப திருப்தியோ?" என்றேன். அவன் வெளிக்கிடவும் இல்லை. கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தர்மபுரத்தில் இருந்தது போல, அக்காவையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

வந்தவர்களுக்கு ஒன்றும் கொடாமல் அனுப்பவும் அக்காவுக்கு மனம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்தார். பிறகு மகளோடு கதைக்கவேண்டும் என்று போனை எடுத்தார். ஒரு கணம்தான். பெருவிரல் பச்சையை அமத்தியது, அதே மூச்சில் சிவப்பை அமத்தியது.

அவன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "அக்கா, இப்ப என்ன செய்தனீங்கள்?"

"மகளுக்கு மிஸ்கோல் குடுத்தனான்."

"ரிங் போகவே இல்லையே?"

"போகும். அங்கை ஒருக்கா மினுங்கும், அவள் கண்டிட்டு எடுப்பாள். சத்தம் கேக்குமட்டும் வைச்சிருந்தால், பேரப்பிள்ளை எடுத்துப்போட்டுதெண்டால் காசு போயிடுமெல்லே." சொல்லி முடிப்பதற்குள் மகள் எடுத்துவிட்டாள்.

வன்னியில் யாருக்கு இது தெரியாது? எனக்கும் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் இருந்து சோதித்த எல்லாரும் ரிங் போக விட்டுத்தான் சோதித்தோம்.

அக்கா மகளோடு கதைத்து முடியும்வரை பொறுத்திருந்து மெதுவாகக் கேட்டான். "அண்டைக்கும் இப்பிடித்தானோ அடிச்சனீங்கள்?"

"யானை வேம்படியிலை நிக்கேக்கை என்னெண்டு அடிச்சனோ ஆருக்குத் தெரியும் தம்பி. கை தன்ரைபாட்டிலை செய்திருக்கும்."

அவன் மடிக்கணினியைத் திறந்து எனக்கு ஒரு வரியைக் காட்டினான். தொடக்கத்தில் பிழையான இலக்கக்காரரும் சின்னப் பிள்ளைகளும் அடித்து வீண் மெசேஜ் போனதால், இரண்டாவது ரிங்குக்கு முன் நின்றுபோகிற அழைப்பை விட்டுவிடு என்று எழுதியிருந்தான். விட்டதைப் பதியவும் இல்லை.

"விட்டது ஒரு பிழை. விட்டதை எழுதி வைக்காதது அதைவிடப் பெரிய பிழை," என்றான்.

"சரி, மாத்தும். இப்பவே மாத்திப்போட்டு, புதுப் பதிப்புப் போட்டாச்சு, இனிப் பிரச்சினை இல்லை எண்டு சொல்லுவம். சேரும் அதைத்தான் சொல்லுவார்."

"மாத்தினால் அண்டைக்கு நடந்ததை எப்பிடிக் காட்டுறது?"

பொதுநோக்கு மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா கடைசி வரிசையில், பக்கத்துக் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கத் தனியே இருந்தார். கமக்காரர் அமைப்புத் தலைவர் எங்களைப் பார்த்து, "கடிதம் கொண்டுவந்தனீங்களோ?" என்றார். அவன் எழும்பினான்.

"கடிதம் இல்லை ஐயா. எல்லாரும் போனைக் கையிலை எடுங்கோ." பிறகு அடுத்த வீட்டுக்காரியின் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்கள் உங்கடை சொந்தக்காரருக்கு மிஸ்கோல் குடுக்கிறமாதிரி இந்த இலக்கத்துக்கு ஒண்டு குடுங்கோ. உங்கடை நம்பரையும் சேர்த்துவிட்டிருக்கிறன்."

"நான் ஏன் குடுக்கவேணும்?"

"குடுங்கோவன். பாப்பம்."

அவள் போனை எடுத்தாள். பெருவிரல் பச்சையை அமத்தியது, உடனே சிவப்பை அமத்தியது. மண்டபம் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. மத்தியானம் வெடி கொளுத்தி ஓடிவந்த சனம், இப்போது ஒன்றும் வராத போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"சத்தம் கேக்க முதல் நிப்பாட்டினால் என்ரை மெசின் அதைக் கணக்கெடுக்காது. அப்பிடி எழுதினது நான்," என்றான். எந்த இடத்திலும் பிழையை ஒத்துக்கொள்ளக்கூடாது என்று சேர் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அடுத்த வீட்டுக்காரி அவனைப் பார்த்தாள். "அப்ப என்ரை மனுசன்ரை கால் முறிஞ்சது உன்னாலையோ?"

"ஓமக்கா."

அவளுக்கு அவனை ஏசவேண்டும் போலத்தான் இருந்திருக்கும். வாயைத் திறந்தாள், ஆனால் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். இத்தனை வருசம் பேசாதவள் அவ்வளவு சனத்துக்கும் நடுவில் கேட்டாள்:

"அப்ப நீ அடிச்சனீதானேடி?"

"அடிச்சனான்," என்றார் அக்கா. அடுத்த வீட்டுக்காரி கதிரைகளை விலத்திக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தலைவர் கூடச் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

இவன் தொண்டையைச் செருமினான்.

"ரெண்டு பேரும் இன்னொருக்கா அடியுங்கோ. ஒருக்கால் நடந்ததை வைச்சு ஒண்டும் சொல்லேலாது."

அவனை அந்த இடத்திலேயே அடித்திருப்பேன். ஆனால் அவர்கள் இருவரும் ஏசவில்லை. அழுகையோடேயே போனை எடுத்து, தோளோடு தோள் நின்று, ஒன்றாக அமத்தி ஒன்றாக நிறுத்தினார்கள். ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மெசேஜும் வந்துவிடக்கூடாது என்று கையிலிருந்த போன்களையே பார்த்துக்கொண்டு நின்றது. முன்வரிசையில் யாரோ "எனக்கு வரேல்லை" என்றார்கள். பக்கத்தில் இருந்தவர் "எனக்கும் வரேல்லை" என்றார். அந்தச் சொல் வரிசை வரிசையாகப் பின்னால் போய் அக்காவிடம் சேர்ந்தது.